வளவுக்குள்ள வெயில் எறங்கற நேரம்

அன்புள்ள அக்கா,

போன மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுட்டு காரைக்குடி வந்திருந்தேன், செட்டிநாட்டுப் பழைய வீடுகள போட்டோ எடுக்கத்தான். ரெண்டு நாளும் அஞ்சு மணிக்கே எந்திரிச்சு கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் தெருவெல்லாம் சுத்தினேன். லைட் அருமையா கெடச்சுச்சு. எட்டு மணிக்கெல்லாம் வெயில் ஏறிடுதுன்னு ரூமுக்குப் போயிடுவேன். ஆனா ஊருக்கு வந்து பாத்தா எல்லாப் படமும் போஸ்ட்கார்டு மாதிரி இருக்கு, உயிரே இல்ல. வேற லென்ஸ் வாங்கணுமா? எந்த மாசம் வந்தா காலை வெளிச்சம் நல்லாருக்கும்? கரண்டுக் கம்பி எல்லா ஃப்ரேம்லயும் வருது, எடிட்ல அழிச்சிடலாமா? கோலம் போட்டுட்டிருந்த ஒரு ஆச்சி என்னைத் திட்டி வெரட்டிட்டாங்க, அது வேற மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆறு படம் இணைச்சிருக்கேன்.

அன்புடன்,
கோயமுத்தூர் வாசகர்

தம்பி,

ஆறு படத்தையும் பாத்தேன். நாலாவது படத்துல ரொம்ப நேரம் நின்னுட்டேன், அதக் கடைசில சொல்றேன்.

லென்ஸ் எல்லாம் ஒண்ணும் வாங்க வேணாம். கம்பிய அழிக்காதீங்க, அது அந்தத் தெருவுல இருக்கு, படத்துலயும் இருக்கட்டும். ஆச்சி திட்டினது சரிதான். விடியக்காலம் தலைகூட வாராம வாசத் தெளிச்சு குனிஞ்சு கோலம் போடறவங்க முன்னால கேக்காம கொள்ளாம கேமராவ நீட்டினா வேற என்ன செய்வாங்க? உங்க அம்மாவ ஒருத்தன் அப்படி எடுத்தா சும்மா இருப்பீங்களா? அடுத்த தடவ போறப்ப மொத வேலையா அவங்கள்ட்ட மன்னிப்பு கேளுங்க.

எட்டு மணிக்கு ரூமுக்குப் போயிடுவேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியப் படிச்சதும் எனக்கு வயிறு எரிஞ்சுது. இங்க வர்ற எல்லாரும் இதத்தான் செய்றாங்க. கோல்டன் ஹவர்னு யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க, அஞ்சரைக்கு ட்ரைபாடோட தெருவுல நிக்க வேண்டியது, முகப்ப எடுக்க வேண்டியது, அடுத்த வீட்டு முகப்ப எடுக்க வேண்டியது, இட்லி சாப்பிடப் போயிட வேண்டியது. தெருவுக்குக் காட்டறது மட்டும்தான் தம்பி முகப்பு. உள்ள பட்டாலைன்னு பெரிய கூடம் இருக்கு, அதத் தாண்டி வளவு, நடுவுல வானம் பாத்த முற்றம், அப்புறம் ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு, அடுப்படின்னு போயிட்டே இருக்கும், தலைவாசல் ஒரு தெருவுலன்னா பின்வாசல் அடுத்த தெருவுல தொறக்கும். குடும்பம் நடந்ததெல்லாம் வளவச் சுத்தித்தான். அந்த வளவுல நீங்க ரூமுக்குப் போனதுக்கு அப்புறம்தான் வெயில் எறங்கவே ஆரம்பிக்கும்.

எப்படி எறங்கும்னு சொல்றேன், ஏன்னா இத யாரும் எழுதி வச்சதா எனக்குத் தெரியல. சூரியன் கிழக்க இருக்கறப்ப சுத்தி இருக்கற கட்டடம் மறைக்கும், அதனால மொதல்ல மேலண்டப் பக்கம் ஓட்டு விளிம்புலதான் வெளிச்சம் படும். அப்புறம் பர்மாத் தேக்குத் தூணோட தலை, கழுத்து, இடுப்புன்னு மெதுவா எறங்கும். எத்தனையோ கை பிடிச்சுப் பிடிச்சு அந்த இடுப்பு உயரத்துல மட்டும் தூணு வழவழன்னு இருக்கும், வெயில் அங்க வந்ததும் அந்த இடம் மட்டும் எண்ணெ தேச்ச மாதிரி மின்னும். தரைக்கு வர ஒம்பது மணி ஆயிடும். தரையத் தொட்டுட்டா வீடே மாறிடும், சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு இழைச்ச செவுரு அந்த வெளிச்சத்த வாங்கி சுத்தி இருக்கற பத்திக்குள்ள, தாழ்வாரத்துக்குள்ள அனுப்பும், தரையில பதிச்ச ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான், கண்ணாடித் தகட்டு மேல கலர ஊத்தித்தான அந்தக் கல்லச் செய்றாங்க, கண்ணாடியோட வழவழப்பு அதுல ஒட்டிக்கிட்டு வந்துடும். இருட்டறை வாசல்ல உக்காந்திருக்கற ஆளு மொகம் அந்தத் திரும்பி வர்ற வெளிச்சத்துல தெரியும். அந்த மாதிரி ஒரு வெளிச்சம் எந்தத் தெருவுலயும் கெடைக்காது.

எங்க அப்பத்தா வீட்டுப் பட்டாலைல ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் உண்டு, அது ஓடி நான் பாத்ததே இல்ல. அப்பத்தாவுக்கு அது வேணாம். மூணாந்தூணு இடுப்புக்கு வெயில் வந்தா உலை வைக்கணும். முழுப்பரீட்சை லீவுல போனா எனக்கு ஒரே வேலை, மோர்மிளகா காயற சொளக, அதான் மொறத்த, வெயிலோட நகத்தறது. காலைல மேற்கால வைப்பேன், நிழல் வந்து சொளகு ஓரத்தத் தொட்டதும் ஒரு முழம் தள்ளி வைக்கணும், சாயங்காலம் கிழக்கால போய் முடியும். மறந்துபோய் பல்லாங்குழி ஆடிட்டிருந்தா அடுப்படிலேர்ந்தே சத்தம் வரும், "நெழலு ஏறிருச்சுடி!" உள்ள இருந்துக்கிட்டே எப்படித் தெரியும்னு எனக்கு அப்ப பயமா இருக்கும். சித்திரை பொறந்து ரெண்டு மூணு நாள்ல உச்சிக்கு சூரியன் நேர் தலைக்கு மேல வந்து நிக்கும், பன்னண்டே கால் வாக்குல நடு வளவுல வச்ச செம்புக்கு நிழலே விழாது. அப்பத்தா கூப்பிட்டுக் காட்டுவாங்க. மார்கழில வெயில் தெக்கால சாஞ்சிடும், வடக்குப் பத்தி வரைக்கும் ஏறி வரும், அவங்க பாயையும் அங்க மாத்திப்பாங்க.

அந்த வீடு இப்ப இல்ல. 1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்தப்ப கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி தொழில் பண்ணப் போனவங்க நெறையப் பேரு நடந்தே திரும்பினாங்க, 1948ல அங்க நிலத்தையெல்லாம் அரசுடைமை ஆக்கச் சட்டம் வந்துச்சு, வரவு நின்னுபோச்சு, வீடு மட்டும் நின்னுச்சு. எங்க தலைமுறைல பதினேழு பங்கு. ஒருத்தருக்கு ஓடு மாத்தக் காசு இல்ல, ஒருத்தர் ஊருக்கே வர்றதில்ல, கடைசில விக்கறதுக்கு எல்லாரும் கையெழுத்துப் போட்டோம், நானும்தான் போட்டேன். யுனெஸ்கோவோட உத்தேசப் பட்டியல்ல 2014லயே செட்டிநாட்டு ஊர்கள் ஏறியாச்சு, ஆனா அது ஓடு மாத்திக் குடுக்காது. இன்னிக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனா, பழம்பொருள் கடை வாசல்ல, பிரிச்ச வீட்டுலேர்ந்து வந்து படுத்துக் கெடக்கற தூணப் பாத்ததும் கை தானா இடுப்பு உயரத்தத் தேடிப் போவும்.

வித்ததுக்கு அப்புறம் சொந்தக்காரங்க எல்லார்ட்டயும் போட்டோ கேட்டேன். முகப்பு வந்துச்சு, நெறைய. காலை வெயில்ல, கல்யாண வாழைமரத்தோட, யாரோ வெளியூர் ஆளு எடுத்த ரொம்ப அழகான படம்கூட ஒண்ணு வந்துச்சு. வளவுல எடுத்ததெல்லாம் ராத்திரி ஃப்ளாஷ் போட்ட கல்யாணப் படம். வெயில் எறங்கின வளவு ஒரே ஒரு படம்கூட இல்ல தம்பி. ஒருத்தரும் எடுக்கல. எங்க கையிலயும் கேமரா இருந்துச்சு, நாங்களும் எடுக்கல.

அதனால அடுத்த தடவ எட்டு மணிக்கு ரூமுக்குப் போகாதீங்க. வாசல்ல நின்னு கேளுங்க, வீட்டப் பாத்துக்கறவங்க இருப்பாங்க, பாதிப் பேரு உள்ள விடுவாங்க, மோர்கூடக் குடுப்பாங்க. பதினொரு மணி வரைக்கும் ஒரே எடத்துல உக்காருங்க. போன்ல எடுத்தா அந்த எச்டிஆர ஆஃப் பண்ணிடுங்க, அது நிழலெல்லாம் வெளுப்பாக்கிடும். வெயிலுக்கு எக்ஸ்போஷர் வச்சிட்டு தூணு கருத்துப் போனா போகட்டும்னு விடுங்க. மாசம் கேட்டிருந்தீங்கல்ல, தையில வாங்க.

நாலாவது படம். தலைவாசல் பாதி தொறந்திருக்கு, நீங்க செதுக்கு வேலையத்தான் எடுத்திருக்கீங்க. கதவு இடுக்கு வழியா உள்ள பாருங்க, இருட்டுக்கு நடுவுல நகம் அளவுக்கு வெள்ளையா ஒண்ணு தெரியுது, அதுதான் வளவு. ஓரத்த வெட்டியிருக்கீங்கன்னு நெனைக்கிறேன். வெட்டாத படம் இருந்தா பெரிய சைஸ்ல எனக்கு அனுப்புங்க.