தானாக முளைத்ததைப் பிடுங்கலாமா?

வணக்கம். தொட்டிகளுக்கு மக்கிய உரம் போட்ட இரண்டே வாரத்தில், நான் விதைக்காத நாற்றுகள் கொத்துக் கொத்தாக முளைத்து நிற்கின்றன. எது செடி, எது களை என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொல்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இன்னும் பத்து நாள் பொறுங்கள். முதலில் விரியும் இரண்டும் வித்திலைகள். பல செடிகளுக்கு அவை ஒன்றுபோலவே இருக்கும். அடுத்து வரும் இலைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். தக்காளி என்றால் அந்த இலையின் ஓரம் வெட்டுவெட்டாக இருக்கும், தண்டில் பூனைமுடி தெரியும். லேசாகத் தேய்த்து விரலை முகர்ந்து பாருங்கள், சந்தேகமே வராது. துளசியும் செண்டுமல்லியும் அப்படித்தான். உரக்குவியல் நன்றாகச் சூடேறாவிட்டால் விதைகள் சாவதில்லை, அதனால் உங்களுடையதில் தக்காளியும் பூசணியும் நிறைய இருக்கும்.

எங்கள் வீட்டில் காசித்தும்பையை ஒரே ஒரு முறைதான் விதைத்தேன். முற்றிய காயில் விரல் பட்டால் போதும், பட்டென்று வெடித்துத் தோல் சுருண்டுகொள்ளும், விதைகள் நாலா பக்கமும் தெறிக்கும். அடுத்த மழைக்குச் செங்கல் இடுக்கில் ஒன்று முளைத்தது. தொட்டியில் பார்த்துப் பார்த்து வளர்த்ததைவிட அதுதான் திடமாக நின்றது. முளைத்த இடத்திலேயே வேர் அசையாமல் இறங்கியது அல்லவா! இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் மூன்று நான்கு இலைப் பருவத்திலேயே, சாயங்காலமாக, மண்ணோடு பெயர்த்து வையுங்கள்.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். தொட்டிக்கு ஒரு தக்காளி போதும். மற்றதைக் கத்தரிக்கோலால் அடியோடு நறுக்குங்கள், பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் ஆட்டம் கண்டுவிடும். சுவர் வெடிப்பில் அரசோ ஆலோ தலைகாட்டினால் மட்டும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, இதை மறக்கவே கூடாது. தானாக வந்த பூசணி, சுரை, வெள்ளரிக் கொடிகளின் விதை உருவானபோதே வேறு வகையின் மகரந்தம் கலந்திருந்தால் காய் கசக்கலாம். பாகற்காயின் கசப்பு வேறு, இது நஞ்சு, வேகவைத்தாலும் போகாது. முதல் காயை அறுத்ததும் ஒரு துணுக்கை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, கொடியையே எடுத்துவிடுங்கள்.

சரி, மூன்றாவது இலை வந்ததும் படம் எடுத்து அனுப்புங்கள். சேர்ந்தே பார்ப்போம்.