குடும்பக் கார்கள் பந்தயம் ஓடிய காலம்

அன்புள்ள ஐயா,

ஃபார்முலா ஒன் கட்டுரையில், அதைவிட பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தின் தொண்ணூறுகள்தான் உங்களுக்கு நெருக்கம் என்று எழுதியிருந்தீர்கள். யூடியூபில் பார்த்தேன். சாதாரண செடான் கார்கள் இடித்துக்கொண்டு ஓடுகின்றன. இதைப் பொற்காலம் என்கிறார்களே, ஏன்? அவ்வளவு நன்றாக இருந்தது என்றால் ஏன் முடிந்தது?

கே.

அன்புள்ள கே.,

அந்தச் சாதாரண செடான்களுக்காகத்தான் அவ்வளவு கூட்டம் வந்தது. 1991 முதல் அங்கே எல்லாருக்கும் ஒரே விதி: இரண்டு லிட்டர் எஞ்சின், டர்போ கிடையாது. அந்த அளவில் குடும்பக் கார் விற்காத பெரிய கம்பெனி ஐரோப்பாவில் அநேகமாக இல்லை. 1994இல் ஆல்ஃபா ரோமியோ, பிஎம்டபிள்யூ, ஃபோர்டு, நிஸான், பூஜோ, ரெனோ, டொயோட்டா, வாக்ஸ்ஹால், வோல்வோ எல்லாமே களத்தில் நின்றன. பந்தயம் பார்த்துவிட்டு வெளியே வந்தால், வண்டி நிறுத்துமிடத்தில் அதே வாக்ஸ்ஹால் கேவலியர், அதே ஃபோர்டு மொண்டேயோ. தன் அப்பாவின் கார் ஜெயிப்பதைப் பார்த்த பையன் அதை மறப்பானா?

வோல்வோ அந்த வருடம் 850 எஸ்டேட்டையே கொண்டுவந்தது. பின்னால் நீண்ட சாமான் பெட்டியோடு, மளிகை வாங்கப் போகிற வண்டி. கேலி செய்தவர்களுக்குப் பதிலாக, அணிவகுப்புச் சுற்றில் பின்பக்கம் ஒரு பெரிய பொம்மை நாயை உட்காரவைத்து ஓட்டினார்கள். ஜெயிக்கவில்லை. ஆனால் 1998இல் ரிக்கார்ட் ரிடெல் வோல்வோ எஸ்40இல் சாம்பியன் ஆனார்.

இடிப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். 1992இல் சில்வர்ஸ்டோன் ஓடுதளத்தில் நடந்த, அந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்தைத் தேடிப் பாருங்கள். ஜான் கிளீலண்ட், வில் ஹாய், டிம் ஹார்வி, மூவரில் யாரும் பட்டம் வாங்கலாம். ஹார்வியின் அணித்தோழர் ஸ்டீவ் சோப்பரும் கிளீலண்டும் மோதிக்கொண்டார்கள், இருவருக்கும் பந்தயம் அங்கேயே முடிந்தது. பட்டம் ஹார்விக்குப் போனது. அதற்குச் சற்று முன் கிளீலண்ட் கோபத்தில் சோப்பருக்கு விரலைக் காட்டுகிறார். வர்ணனையில் மர்ரே வாக்கர், "முதலிடத்துக்குப் போகிறேன் என்கிறார் கிளீலண்ட்" என்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடம் புதிதாகவே இருக்கிறது.

சரி, ஏன் முடிந்தது? எல்லாரையும் உள்ளே இழுத்த அந்த விதிதான் காரணம் என்று நினைக்கிறேன். எஞ்சினின் அளவைக் கட்டிப்போட்டால், மிச்சம் எல்லாவற்றிலும் பணம் பாயும். வெளியே பார்த்தால் ரெனோவின் குடும்பக் கார் லகுனா. உள்ளே எஞ்சினைத் தாழ்த்தி, பின்னால் தள்ளி, ஒவ்வொரு பாகத்தையும் தனியாகச் செய்தார்கள். ரெனோவுக்காக 1995இலிருந்து வண்டிகளை ஓட்டியது ஃபார்முலா ஒன்னின் வில்லியம்ஸ் அணி. 1996இல் ஆடி நான்கு சக்கர இயக்கத்தோடு வந்து ஃபிராங்க் பீலாவுக்குப் பட்டம் வாங்கிக்கொடுத்தது. அடுத்த வருடம் லகுனாவில் அலெய்ன் மெனு. கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்துக் கிளம்பின. 2000இல் மிஞ்சியவை ஃபோர்டு, ஹோண்டா, வாக்ஸ்ஹால் மூன்றுதான். மறு வருடம் செலவு குறைந்த புது விதிகள் வந்தன. பந்தயம் இன்றும் நடக்கிறது, நானும் பார்க்கிறேன்.

சில்வர்ஸ்டோனைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மோதலில் தவறு யாருடையது என்று ரசிகர்கள் இன்னமும் சண்டை போடுகிறார்கள். நான் கிளீலண்ட் பக்கம்.