வண்டிக் கணக்கு வேறு, உடம்புக் கணக்கு வேறு

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். வயது 38. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மேற்பார்வையாளர். மாதச் சம்பளம் ரூ.42,000. பதினோரு வருடம் பைக்கில் போய்வந்த பிறகு, ஐந்து மாதங்களுக்கு முன் முதன்முதலாக ஒரு கார் வாங்கினேன். ஏழு வாரங்களுக்கு முன் கிருமாம்பாக்கம் அருகே, பேருந்தை முந்திக்கொண்டு எதிர்த்தடத்தில் வந்த லாரி நேருக்கு நேர் மோதியது. எனக்குத் தொடை எலும்பு முறிந்து கம்பி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த மனைவிக்குக் காறை எலும்பு முறிவு. வண்டியைச் சரிசெய்ய முடியாது, 'டோட்டல் லாஸ்' என்று சொல்லி, காப்பீட்டு நிறுவனம் ரூ.8,92,000 தருவதாக எழுதியிருக்கிறது. வங்கிக் கடன் பாக்கி ரூ.8,05,000. லாரி உரிமையாளர் ரூ.75,000 ரொக்கமாகத் தருகிறேன், வழக்கு வேண்டாம் என்று ஆள் அனுப்புகிறார். ஓட்டுநர் சின்ன வயதுப் பையன், பாவமாக இருக்கிறது. அதே மாடலை அதே நீல நிறத்தில் உடனே வாங்க ஆசைப்படுகிறேன். மனைவியின் நகையை அடகு வைக்கலாமா? இன்னொன்று: யார்டில் நிற்கும் வண்டியின் சாவி ஒன்றையாவது ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்களும் உங்கள் மனைவியும் உயிரோடு இருந்து இந்தக் கடிதம் எழுதப்பட்டிருக்கிறது என்பதே எனக்கு முதல் நிம்மதி. திருவந்திபுரத்தில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்கி எடுத்துவந்த வண்டி நான்கு மாதம்கூட ஓடாமல் போய்விட்டதே என்ற வருத்தத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. நீங்கள் அனுப்பிய படத்தில் முன்பக்கம் முழுவதும் மடிந்து கிடக்கிறது. ஆனால் ஓட்டுநர் கதவு திறந்திருக்கிறது, கூரையைத் தாங்கும் தூண் வளையவில்லை. மோதலின் வேகத்தை முன்பகுதி வாங்கிக்கொண்டு நசுங்க வேண்டும், ஆட்கள் இருக்கும் பகுதி நிற்க வேண்டும் என்றுதான் கார்கள் வடிவமைக்கப்படுகின்றன. உங்கள் வண்டி அதைச் செய்திருக்கிறது. சீட் பெல்ட் போட்டிருந்ததால் காற்றுப்பையும் தன் வேலையைச் செய்திருக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் பத்தில் எட்டு வரி வண்டியைப் பற்றியே இருக்கிறது. உங்கள் காலைப் பற்றி ஒரு வரி, உங்கள் மனைவியின் தோளைப் பற்றி அரை வரி. பணக்கணக்கில் நிலைமை இதற்கு நேர் எதிரானது. வண்டியின் கணக்கு சில வாரங்களில் முடிந்துவிடும். உடம்பின் கணக்குதான் பெரியது, அதற்குக் காலக்கெடுவும் உண்டு. இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பதே நான் உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது.

முதலில் வண்டி. பழுதுபார்க்கும் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில், அதாவது ஐ.டி.வி.யில், 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பாகக் கருதப்படும். புது வண்டியின் ஐ.டி.வி. என்பது ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்த தொகை. சாலை வரி, பதிவுக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம் எதுவும் அதில் சேராது. உங்கள் வண்டியின் ஷோரூம் விலை ரூ.9,40,000, ஐ.டி.வி. ரூ.8,93,000, கட்டாயக் கழிவு (வண்டி உரிமையாளரே ஏற்க வேண்டிய பங்கு) ரூ.1,000 போக ரூ.8,92,000 என்று நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. வங்கிக்குப் போக உங்கள் கைக்கு வருவது ரூ.87,000. நீங்கள் போட்ட முன்பணம் ரூ.2,80,000, கட்டிய நான்கு தவணைகள் ஏறத்தாழ ரூ.71,000. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் நகையை அடகு வைக்கும் எண்ணம் உங்களுக்கு வந்திருக்கிறது.

நீங்கள் இணைத்திருந்த பாலிசியின் இரண்டாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 'நில் டெப்ரிசியேஷன்' (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத காப்பு) என்ற வரிக்குக் கீழே, காகிதம் மடிந்த கோட்டின்மேல், 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' என்று ஒரு வரியும் எதிரே ரூ.2,350 என்ற பிரீமியமும் அச்சாகியிருக்கின்றன. ஷோரூமில் கையெழுத்துப் போட்ட அன்று அதை யாரும் உங்களுக்கு விளக்கியிருக்க மாட்டார்கள். முழு இழப்பு நேர்ந்தால் ஐ.டி.வி.யோடு நிற்காமல், வண்டி வாங்கிய விலைப்பட்டியல் தொகையையும், பெரும்பாலான பாலிசிகளில் சாலை வரி மற்றும் பதிவுக் கட்டணத்தையும் தருவதற்கான கூடுதல் காப்பு அது. தமிழ்நாட்டில் ரூ.5 லட்சத்துக்கு மேல் ரூ.10 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம் என்பதால், வரியும் பதிவும் சேர்ந்து உங்களுக்கு ரூ.1,26,000 ஆகியிருக்கிறது. அந்தக் காப்பின்படி பார்த்தால் உங்களுக்கு வரவேண்டியது ஏறத்தாழ ரூ.10,65,000. கடனை அடைத்த பிறகு கையில் நிற்பது ரூ.2,60,000. ரூ.87,000 எங்கே, இது எங்கே!

ஆகவே நிறுவனம் அனுப்பிய 'டிஸ்சார்ஜ் வவுச்சர்' எனும் ஒப்புதல் படிவத்தில் இப்போது கையெழுத்திட வேண்டாம். பாலிசியின் அந்த வரியைச் சுட்டிக்காட்டி, வண்டியின் இன்வாய்ஸ், வரி ரசீது ஆகியவற்றின் நகலை இணைத்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாட்களில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலும், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாடு அவருடைய எல்லைக்குள் வருகிறது, கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. இது முடியும்வரை மாதத் தவணையை ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள். வண்டி இல்லையே, எதற்குத் தவணை என்று தோன்றும். வங்கிக்கு அந்தக் காரணம் செல்லாது, உங்கள் சிபில் மதிப்பெண்தான் அடிபடும்.

இனி உடம்பின் கணக்குக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி நீங்களும் உங்கள் மனைவியும் தனித்தனியே இழப்பீடு கோரி மனுத் தாக்கல் செய்யலாம். 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனு போட வேண்டும். ஏழு வாரம் போய்விட்டது. விபத்து புதுச்சேரி எல்லைக்குள் நடந்ததால் அங்கேதான் அலைய வேண்டும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வசிக்கும் ஊரின் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடச் சட்டம் இடமளிக்கிறது. கடலூரிலேயே போடுங்கள். முதல் தகவல் அறிக்கை, மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை மட்டும் புதுச்சேரி காவல்துறையிடமிருந்து பெற்றால் போதும்.

ரூ.75,000-ஐ எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டால், ஆண்டு வருமானத்தை வயதுக்குரிய பெருக்கெண்ணால் பெருக்கி, உழைக்கும் திறனில் இழந்த சதவீதத்தை எடுப்பார்கள். உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கில் வகுத்த அட்டவணைப்படி 36 முதல் 40 வயதுக்குப் பெருக்கெண் 15. உங்கள் ஆண்டு வருமானம் ரூ.5,04,000. படி ஏறி இறங்கி நாள் முழுவதும் நின்று பார்க்கும் வேலையில் இருக்கும் உங்களுக்கு, 10 சதவீதம் திறன் குறைந்ததாகத் தீர்மானிக்கப்பட்டால்கூட அது ரூ.7,56,000 ஆகிறது. மருத்துவச் செலவு, வேலைக்குப் போகாத மாதங்களின் சம்பளம், பிற்காலத்தில் கம்பியை எடுக்க நேர்ந்தால் ஆகும் செலவு, பட்ட வேதனை ஆகியவை இதற்கு மேல். உங்கள் பாதிப்பு 10 சதவீதமாக இருக்கும் என்று நான் சொல்லவில்லை. எலும்பு நன்றாகக் கூடி முழுமையாகக் குணமடையவே வேண்டுகிறேன். ஆனால் எலும்பு கூடுவதற்கு முன்பே, எழுதாத வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு அந்த உரிமையை விற்றுவிடக் கூடாது.

அந்தப் பையன்மேல் உங்களுக்கு இரக்கம் வந்தது உங்கள் நல்ல மனதைக் காட்டுகிறது. அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. லாரிக்குச் செல்லுபடியாகும் காப்பீடும் ஓட்டுநருக்கு உரிமமும் இருந்தால், இழப்பீட்டைத் தருவது லாரியின் காப்பீட்டு நிறுவனம். அவன் சம்பளத்திலிருந்து ஒரு ரூபாயும் போகாது. உடற்காயத்துக்கான இந்தப் பொறுப்புக்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. இதற்காகத்தான் ஒவ்வொரு வண்டியும் மூன்றாம் நபர் காப்பீடு எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தியிருக்கிறார்கள்.

உங்கள் மனைவி வீட்டில் தையல் வேலை செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். ரவிக்கை அளவுகளையும் கூலியையும் குறித்துவைக்கும் நீள நோட்டு ஒன்று அவரிடம் கட்டாயம் இருக்கும். அதைப் பத்திரப்படுத்துங்கள், அவருடைய வருமானத்துக்கு அதுவே சாட்சி. விபத்துக்கு முந்தைய வாரம் வரை வரிசையாக வந்த பதிவுகள் அந்தத் தேதியோடு நின்றுபோயிருப்பதை எந்த நீதிபதியும் பார்ப்பார். தோளைத் தூக்கித் துணியைத் தள்ள முடியாத மாதங்களுக்கு மட்டுமல்லாமல், அவர் செய்ய முடியாமல் போன வீட்டு வேலைக்கும் நீதிமன்றங்கள் மதிப்புப் போடுகின்றன. உங்கள் பக்கத்தில் ஃபார்ம் 16, சம்பளச் சீட்டு, நிறுவனம் தரும் விடுப்புச் சான்று வேண்டும். ஈட்டிய விடுப்பைக் கழித்துச் சம்பளம் வாங்கியிருந்தாலும் அது இழப்புதான். மருந்துக் கடைச் சீட்டு முதல் ஆட்டோ வாடகை வரை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். இழப்பீட்டில் இத்தனை சதவீதம் எனக்கு என்று பேசும் வழக்கறிஞரைத் தவிர்த்துவிடுங்கள். பார் கவுன்சில் விதிகள் அதை அனுமதிப்பதில்லை.

பாலிசியில் உள்ள ரூ.15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது மரணத்துக்கும், கை கால் கண் இழப்பு போன்ற நிரந்தர ஊனத்துக்கும் உரியது. எலும்பு முறிவுக்குக் கிடைக்காது.

கடைசியாகப் புது வண்டி. வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உயிரைக் காத்த வண்டியையே மறுபடி வாங்க நினைப்பதில் தவறு எதுவும் இல்லை. இப்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். மருத்துவர் அனுமதிக்கும்வரை நீங்கள் கிளட்ச் மிதிக்கப் போவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் பண்ருட்டிப் பக்கம் ஒருவர் இதே நிலையில் நகையை வைத்து மூன்றே வாரத்தில் வண்டி எடுத்தார். நான்காம் மாதம் இரண்டாவது அறுவை சிகிச்சை என்றபோது வட்டியும் தவணையும் சேர்ந்து நெருக்க, அந்த வண்டியை நஷ்டத்தில் விற்றார். உங்கள் நகை பீரோவிலேயே இருக்கட்டும். காப்பீட்டிலிருந்து வரும் ரூ.2,60,000-ஐ, முழுச் சம்பளத்தோடு வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகும்வரை வங்கி வைப்பில் போட்டு வையுங்கள். மருத்துவமனைக்குப் போக வாடகைக் கார் எடுங்கள், மாதம் ரூ.17,700 தவணையைவிட அது நிச்சயம் குறைவு. தீர்ப்பாயத்தில் வரக்கூடிய தொகையை இந்தக் கணக்கில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். அது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. தாமதத்துக்கு வட்டி கிடைக்கும், அவ்வளவுதான்.

சாவியைப் பொறுத்தவரை, முழு இழப்பில் இரண்டு சாவிகளையும் நிறுவனம் கேட்கும், கொடுத்துவிடுங்கள். பதிவுச் சான்று உங்கள் பெயரிலிருந்து மாறியதற்கோ ரத்தானதற்கோ எழுத்துப்பூர்வமான ஆதாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் கணக்கையும் மூடுங்கள். ஆனால் படிவங்களில் கையெழுத்திடும் முன் யாராவது ஒருவரை யார்டுக்கு அனுப்பி, டேஷ்போர்டில் உங்கள் மகள் ஒட்டிவைத்த பிள்ளையாரை எடுத்துவரச் சொல்லுங்கள். அது காப்பீட்டில் சேராத பொருள், உங்களுடையது.