சண்டை ஓய்ந்த எல்லையில் இராணுவத்தினருக்கு உயிராபத்து உண்டா? போரிடாத பிரிவினருக்கு அங்கே என்ன வேலை?

இராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இந்திய-பாகிஸ்தான் எல்லையிலுள்ள சியாச்சின் பனிமலையில் ஒரு பணிக்காலத்தைக் கழித்திருப்பதால் அந்த இடத்தை வைத்தே பதில் எழுதுகிறேன்.

1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சினைக் கைப்பற்ற மேகதூத் என்ற இராணுவ நடவடிக்கை தொடங்கியது முதல் நம் படை அங்கே நிலைகொண்டிருக்கிறது. 2003 நவம்பரில் போர்நிறுத்தம் வந்ததும் பீரங்கிச் சத்தம் ஓய்ந்தது, சாவு ஓயவில்லை. சண்டை நடந்த ஆண்டுகளிலும்கூட, குண்டுபட்டு மாண்டவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் உயரத்துக்கும் பலியானவர்களே அதிகம். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் போஸ்டின்மீது பனிச்சுவர் சரிந்ததில், வெலிங்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தனர். ஆறு நாள்களுக்குப் பின் உயிருடன் மீட்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவும் 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் காலமானார். எதிர்ப்பக்கத்தின் கதையும் வேறில்லை: 2012 ஏப்ரல் 7 அன்று கயாரியில் பாகிஸ்தான் படை முகாமைப் பனி மூடியபோது 140 பேர் மடிந்தனர்.

பனிச்சரிவு செய்தியாகிறது, உயரத்தில் காற்று மெலிவதால் நுரையீரலில் நீர் கோப்பது செய்தியாவதில்லை. ஹேப்போ என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்த நோய்க்கு அஞ்சித்தான், மேலே போகிறவர்களை 9,000 அடியில் ஆறு நாள், 12,000 அடிக்கு மேல் நான்கு நாள், 15,000 அடிக்கு மேல் இன்னும் நான்கு நாள் என்று தங்கவைத்து உடம்பைப் பழக்குகிறார்கள். அப்படிப் பழக்கியும் சிலருக்கு வந்துவிடுகிறது.

எங்கள் போஸ்டில் ஓர் இளைஞன், கீழே அனுப்பிவிடுவார்களோ என்று தலைவலியை இரண்டு நாள் மறைத்துவிட்டான். மூன்றாம் நாள் இரவு இருமலில் இளஞ்சிவப்பு நுரை வந்தது; நெஞ்சில் காது வைத்தால் கொதிக்கும் கஞ்சியின் சத்தம். இருட்டில் ஹெலிகாப்டர் வராது. ஆக்சிஜன் கொடுத்தோம், பிறகு ஹேப்போ பைக்குள் படுக்கவைத்து ஜிப்பை இழுத்து மூடினோம். ஆள் நீளத்துக்கு இருக்கும் காற்றுப் பை அது. காலால் மிதித்துக் காற்றடைத்தால், உள்ளே இருப்பவருக்குச் சில ஆயிரம் அடி கீழே இறங்கியதற்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். மிதிப்பதை நிறுத்தினால் அவன் விட்ட மூச்சையே அவன் திரும்ப இழுக்க நேரும் என்பதால் விடியும்வரை நிறுத்தவே கூடாது. நானும் சமையற்காரரும் முறைவைத்து மிதித்தோம். அந்த உயரத்தில் நூறு மிதிக்குள் நமக்கே மூச்சு வாங்கும். குளிர்காயும் புக்காரி அடுப்பின் கரி படிந்திருந்த, பையின் சிறு பிளாஸ்டிக் ஜன்னல் வழியாக அவன் உதட்டின் நிறத்தை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்த அடுப்புக்கு மண்ணெண்ணெய் சுமந்து வந்தவர்கள், கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைத்துக்கொண்டு பனிப்பிளவுகளைத் தாண்டி வந்தவர்கள். காலையில் வந்த சீட்டா ஹெலிகாப்டரின் விமானி, விசிறியை நிறுத்தாமலேயே அவனை ஏற்றிக்கொண்டு போனார். இவர்களில் யாரையும் போரிடாதவர்கள் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். மேலே மட்டும் திரும்ப அனுப்பவில்லை. அந்தக் கோபம் அவனுக்கு என்மேல் இன்னும் இருக்கிறது.