கார் பாலிஷ்: குளியலறைக் கண்ணாடிக்குச் சரி, சோலார் பேனலுக்குக் கூடாது

கேள்வி: மண்டபம் ஊரில் கடலோரமாக எங்கள் வீடு. குளியல், துவையல் எல்லாம் போர்த் தண்ணீரில்தான். குளியலறைக் கண்ணாடித் தடுப்பில் நாலு வருடமாகப் படிந்திருந்த வெள்ளைக் கறையை, காருக்கு வாங்கி வைத்திருந்த பாலிஷைப் போட்டு என் மகன் தேய்த்தான். கறை போயே போய்விட்டது. அந்த உற்சாகத்தில் குழாய், வாசல் ஸ்டீல் கேட் என்று தேய்த்துக்கொண்டே போய், மொட்டை மாடியில் சோலார் பேனல் ஒன்றின் மூலையிலும் உள்ளங்கை அளவுக்குத் தேய்த்துவிட்டான். அந்த இடம் மட்டும் இப்போது வேறு நிறமாகத் தெரிகிறது. பேனல் கெட்டுவிட்டதா? சமையல் மேடைக் கடப்பா கல்லுக்கும் இந்தப் பாலிஷைப் போடலாமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள் அம்மா. உள்ளங்கை அளவு தேய்த்ததற்குப் பேனல் கெட்டுப்போகாது. கரண்ட் உற்பத்தியில் உங்கள் மீட்டரில் கண்டுபிடிக்கும் அளவுக்கு வித்தியாசமும் வராது. ஆனால் அந்தப் பாலிஷ் பாட்டில் இனி மாடிப்படி ஏறக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

கார் பாலிஷ் சோப்பைப் போன்றதல்ல. சோப்பு அழுக்கைக் கழற்றிவிடும். பாலிஷ் உரசி எடுக்கும். மாவைவிட நுண்ணிய உரசு பொடியை, பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடை, எண்ணெயும் தண்ணீரும் சேர்த்துக் குழைத்து வைத்திருப்பார்கள். கத்திக்குச் சாணை பிடிக்கிற அதே வேலைதான், மிக மென்மையாக. காரில் அது உரசுவது பெயிண்டின் மேலுள்ள ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற பூச்சை. உங்கள் குளியலறையில் அது உரசியது போர்த் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன சுண்ணாம்பையும் சிலிக்காவையும். சுண்ணாம்பு மட்டும் என்றால் எலுமிச்சை உப்பே போதும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி கரைத்து, துணியில் நனைத்துப் பத்து நிமிடம் ஒட்டிவைத்துக் கழுவினால் கரைந்துவிடும். சிலிக்கா இந்தப் புளிப்புக்கெல்லாம் மசியாது. அதைத்தான் பாலிஷ் எடுத்திருக்கிறது. அது மேற்பூச்சு இல்லாத வெறும் கண்ணாடி, உங்கள் மகனும் மெஷின் போடாமல் கையால் தேய்த்திருக்கிறான். அதனால் நல்லபடியாக முடிந்தது.

இதில் ஒரு சிக்கல், கடையில் ‘பாலிஷ்’ என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் இருப்பது. ரப்பிங் காம்பவுண்ட் கரடுமுரடானது. உண்மையான பாலிஷ் நுண்ணியது. வேக்ஸில் உரசு பொடி பெரும்பாலும் கிடையாது. அது கறையின் மேல் மெழுகு பூசி மறைக்கும், அவ்வளவுதான். எதில் எவ்வளவு பொடி, எத்தனை நுண்மை என்று லேபிளில் பெரிய எழுத்தில் போட வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பளபளக்கும் கார் படத்தைப் போடுகிறார்கள், இதைப் போடுவதில்லை. நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்: பாலிஷ் போட்டுத் துடைத்த இடத்தில் கை கழுவும் சானிடைசரைத் துணியில் விட்டுத் துடையுங்கள். வெள்ளை திரும்ப எட்டிப்பார்த்தால் கறை போகவில்லை, மறைந்துதான் இருந்தது.

இப்போது சோலார் பேனல். கீழே இருக்கும் கண்ணாடியும் கண்ணாடி, மாடியில் இருப்பதும் கண்ணாடி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாடியில் இருப்பது வெறும் கண்ணாடி இல்லை. வெறும் கண்ணாடியில் வெயில் படும்போது நூற்றுக்கு நாலு பங்கு ஒளி மேல்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். அந்த இழப்பைக் குறைக்க இன்றைய பேனல்களின் மேல் மிக மெல்லிய ஒரு பூச்சு கொடுக்கிறார்கள். அதன் தடிமன் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. பாலிஷில் இருக்கும் பொடியின் ஒரு துகளே அதைவிடப் பருமனாக இருக்கக்கூடும். நாலு தேய்ப்பில் அந்தப் பூச்சு போய்விடும். மூலையில் நிறம் மாறித் தெரிவது அதனால்தான். போனால் போனதுதான், வீட்டில் திரும்பப் பூச முடியாது. தேய்த்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று சதவீத ஒளி குறையும். உள்ளங்கை அளவுக்கு அது ஒன்றுமே இல்லை. மற்ற இடமும் ஒரே நிறமாகட்டும் என்று முழுப் பேனலையும் தேய்த்தால், அந்த இழப்பு இருபத்தைந்து வருடத்துக்கும் உங்களோடு இருக்கும். உரசும் பொருள் எதையும் போடக் கூடாது என்று பேனலோடு வரும் கையேட்டிலேயே இருக்கும். மீறினால் வாரண்டி கேட்கப் போகும்போது அதையே காரணம் காட்டுவார்கள். பாலிஷில் உள்ள எண்ணெய்ப் படலம் வேறு, நம் ஊர் மணல் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்படியானால் எப்படிக் கழுவுவது? வெயில் ஏறுவதற்கு முன், பேனல் குளிர்ந்திருக்கும்போது, மென்மையான பிரஷ்ஷும் தண்ணீரும் போதும். பறவை எச்சம் இருந்தால் ஊறவிட்டுத் துடையுங்கள். உங்கள் மகன் தேய்த்த மூலையை மட்டும் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தால் ஒருமுறை கழுவி எண்ணெயை எடுத்துவிடுங்கள். முக்கியமானது கடைசித் தண்ணீர். போர்த் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் நீங்களே புதுக் கறை போடுகிறீர்கள். கடைசி அலசல் மழைத் தண்ணீரிலோ, காவிரிக் குழாய்த் தண்ணீரிலோ, ஆர்.ஓ. தண்ணீரிலோ இருக்கட்டும். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் சிலர் பேனலுக்கு ஊற்றுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், உப்பு முழுவதும் அதில்தான் திரண்டிருக்கிறது. நம் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கமுதியில் 2016 முதல் இயங்கும் 648 மெகாவாட் சோலார் நிலையத்தில், பேனல்களைத் துடைப்பதற்கென்றே ரோபோக்களை வைத்திருக்கிறார்கள். எனக்கு ஆற்றாமை என்னவென்றால், வீட்டுக்கூரை சோலாருக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. என் வீட்டில் பேனல் மாட்டியபோது வந்த எவரும் எந்தத் தண்ணீரால் கழுவ வேண்டும் என்று ஒரு வரி சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் ‘பேனல் கோட்டிங் போட்டுத் தருகிறோம், கரண்ட் கூடும்’ என்று லேபிள் இல்லாத பாட்டிலோடு ஆட்கள் வருகிறார்கள். பாட்டிலில் இருப்பது என்னவென்று பெயர் சொல்லாதவரை மாடியேற விடாதீர்கள்.

வாசல் கேட்டுக்கு வருவோம். ஸ்டீல் கேட்டில் வரும் பழுப்புத் திட்டுகளை நுண்ணிய பாலிஷ் எடுத்துவிடும், கேட்டுக்கும் தீங்கில்லை. கோடு கோடாக மெருகிட்ட கம்பி என்றால் அந்தக் கோடு போகும் வாக்கிலேயே தேய்க்க வேண்டும். கம்பி நார் வேண்டாம், அதிலிருந்து உதிரும் இரும்புத் தூள் கேட்டில் ஒட்டித் துருவாகும். ஆனால் தேய்த்த மாதத்திலேயே திட்டு திரும்ப வருகிறது என்றால் குற்றம் பாலிஷில் இல்லை. உங்களுக்கு விற்ற ஸ்டீல் எது என்று பாருங்கள்.

இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இன்னும் சொல்வேன். ஸ்டீலில் 202, 304, 316 என்று ரகம் உண்டு. 304இல் குரோமியம் ஏறக்குறைய 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம். 202இல் விலை கூடிய நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். 316இல் மாலிப்டினம் என்ற உலோகமும் உண்டு, உப்புக் காற்றைத் தாங்குவது அதுதான். கடலோரத்தில் 304கூடத் திட்டுப் போடும்; 202 நிற்கவே நிற்காது. பட்டறையில் 304 என்று பேசி, 304 விலை வாங்கி, 202 போட்டுவிடுகிறார்கள். எனக்கே நடந்திருக்கிறது. ‘காந்தம் வைத்துப் பாருங்கள் சார், ஒட்டாது’ என்று அந்தப் பட்டறைக்காரர் என் கையிலேயே காந்தத்தைக் கொடுத்தார். காந்தம் 202இலும் ஒட்டாது, 304இலும் ஒட்டாது! அந்தச் சோதனை எதையும் நிரூபிக்காது. ஸ்டீல் சோதிக்கும் திரவம் பழைய இரும்புக் கடைக்காரர்களிடம் இருக்கும். ஒரு சொட்டு விட்டு, அதோடு வரும் பேட்டரியை வைத்தால், மாங்கனீசு அதிகமுள்ள 202 சிவந்துவிடும். பில்லில் ரகத்தை எழுதித் தராத பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும், அரிப்பைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் வாசலிலும் அடிக்கிறது. வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கேட்டைக் கழுவி உலர்த்துவது எந்தப் பாலிஷையும்விட மேல்.

குழாய்க்குப் பாலிஷை வழக்கமாக்க வேண்டாம். குரோம் பூச்சின் தடிமன் பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிட, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. மாதாமாதம் தேய்த்தால் அது தேய்ந்து, உள்ளே உள்ள உலோகம் மஞ்சளாக எட்டிப்பார்க்கும். எலுமிச்சை உப்புத் தண்ணீரை ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். டைல்ஸ் கழுவும் ஆசிட் பக்கமே போக வேண்டாம், மூடி திறந்திருந்தால் அதன் புகையே குழாயையும் ஸ்டீலையும் அரித்துவிடும். அதையும் பிளீச்சிங் பவுடரையும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து.

தண்ணீரைச் சரிசெய்யாமல் கறையோடு மல்லுக்கட்டுவது ஓயாது. இந்தியத் தரப்படி குடிநீரின் கடினத்தன்மை (கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து) லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாதபோது 600 வரை. உங்கள் போர் எங்கே நிற்கிறது என்று குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். சோதிக்காமலே, தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் மெஷினை விற்க வருபவரிடம் ஒன்று கேளுங்கள்: உப்பு போகுமா? போகாது. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். வெள்ளைக் கறை குறையும், ஆனால் கடலோர போரின் உவர்ப்பு அப்படியே இருக்கும்.

கடப்பா கல்லுக்குக் கார் பாலிஷ் வேண்டாம். சப்பாத்தி தேய்க்கும் மேடையில் பெட்ரோலிய எண்ணெய் எதற்கு? எலுமிச்சை உப்பும் வேண்டாம், ஏனென்றால் கடப்பா கல்லே சுண்ணாம்புக் கல். புளிப்பு பட்டால் கறையோடு கல்லும் கரைந்து வெளுக்கும். நீங்கள் கறை என்று நினைக்கும் வெள்ளை, எலுமிச்சையோ புளியோ சிந்தி அரித்த தழும்பாகவும் இருக்கலாம். ஈரம் பட்டதும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் பெரும்பாலும் அதுதான். நுண்ணிய எமரி தாளைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தை மெதுவாகத் தேய்த்து, உலர்ந்ததும் நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடையுங்கள். கறுப்பு பெருமளவு திரும்பிவிடும்.