தலையில் அடிபட்டவனிடம் கேட்காதீர்கள்

கேள்வி: தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இப்போது எதைத் தொட்டாலும் விதி. தலையில் இலேசாக முட்டினாலே வெளியே கூட்டிப் போகிறார்கள். பின்னாலிருந்து காலைப் போட்டால் சிவப்பு அட்டை. சிறுவர்கள் தலையால் முட்டவே கூடாதாம். அந்தக் காலத்து வீரம் எங்கே? பாதுகாப்பு என்று சொல்லி ஆட்டத்தையே கெடுத்துவிட்டார்கள் அல்லவா?
— வாசகர், மஸ்கெலியா

பதில்: வீரம் என்று எழுதிவிட்டீர்கள், அதை அப்படியே விட மனமில்லை. அந்தக் காலத்து வீரத்துக்கு எல்லோரும் காட்டும் ஆள் பேர்ட் ட்ராட்மன். 1956 இங்கிலாந்து எஃப்.ஏ. கிண்ண இறுதிப் போட்டியில் மன்செஸ்டர் சிட்டியின் கோல்காப்பாளர். ஆட்டம் முடிய கால் மணி நேரம் சொச்சம் இருக்கும்போது எதிரணி வீரரின் காலடியில் பாய்ந்தார், கழுத்தில் பலமான அடி. கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டே கடைசிவரை நின்றார். அணி 3–1 என்று வென்றது. கழுத்து முள்ளெலும்பு முறிந்திருந்தது சில நாள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. ஏன் நின்றார்? மாற்று வீரரை இறக்க அன்று விதியே கிடையாது. 1966 உலகக் கிண்ணத்தில் போர்த்துக்கல் வீரர்கள் பெலேயை உதைத்து விழுத்தியபோதும் அதே நிலைமைதான்; உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மிச்ச நேரமெல்லாம் நொண்டிக்கொண்டு திரிந்தார். மாற்று வீரரும் மஞ்சள், சிவப்பு அட்டைகளும் உலகக் கிண்ணத்துக்கு வந்தது 1970இல். நாம் வீரம் என்று கைதட்டியதில் பெரும்பங்கு, அவர்களுக்கு வேறு வழி இல்லாமல் போனதுதான்.

பின்னாலிருந்து காலைப் போடுவதைப் பற்றி நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. நெதர்லாந்தின் முன்கள வீரர் மார்கோ வான் பாஸ்டன் கணுக்கால் பழுதாகி 28 வயதில் கடைசிப் போட்டியை ஆடினார். அவர் ஆட்டத்தை இழந்தது நாம். அந்த விதியில் எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

தலைக்கு வருவோம். 2014 உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் ஆர்ஜென்டீன வீரர் ஒருவரின் தோளில் முகம் மோதி விழுந்தார். பார்த்தார்கள், எழுப்பினார்கள், மறுபடி ஆட விட்டார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினார். இடையில் மத்தியஸ்தர் ரிஸோலியிடம் போய், “இது இறுதிப் போட்டிதானா?” என்று கேட்டார். மத்தியஸ்தர் இன்னொரு ஜெர்மனி வீரரிடம் சொல்லி, 31ஆம் நிமிடத்தில்தான் அவரை வெளியே எடுத்தார்கள். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம், பக்கத்திலேயே வைத்தியர்கள். அங்கேயே அப்படி என்றால் நம் மைதானங்களில் எப்படி என்று யோசியுங்கள். காலில் அடிபட்டவனுக்கு வலி தெரியும். மூளை அதிர்ந்தவனிடம் “ஏலுமா?” என்று கேட்டால், பதில் சொல்ல வேண்டிய உறுப்புத்தானே அடிபட்டிருக்கிறது! அவன் “ஏலும்” என்றுதான் சொல்வான். அதனால்தான் முடிவை அவன் கையிலிருந்தும் பயிற்றுநர் கையிலிருந்தும் எடுக்க வேண்டியிருக்கிறது.

விதிகள் எல்லை மீறிவிட்டன என்கிறீர்கள். என் குறை, அவை பாதி வழியில் நிற்கின்றன என்பது. மூளையதிர்வுக்குத் தனி மாற்று வீரர் 2021இல் பரீட்சார்த்தமாக வந்தார், 2024 ஜூலையில் விதிப்புத்தகத்தில் ஏறினார். ஆட்டத்துக்கு ஓர் அணிக்கு ஒருவர். எதிரணிக்கும் ஈடாக ஒரு மாற்று கிடைக்கும். ஆனால் வெளியே போனவர் திரும்ப முடியாது. ஆகவே சந்தேகம் மட்டும் உள்ள வீரரை வெளியே எடுக்க அணி தயங்குகிறது, வைத்தியர் ஆட்டம் நின்றிருக்கும் சில நிமிடங்களுக்குள் கோட்டோரத்தில் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்டியில் றகர் (ரக்பி) பார்க்கிறவர்களுக்குத் தெரியும்: அந்த ஆட்டத்தின் உயர்மட்டப் போட்டிகளில் தற்காலிகமாக ஒருவரை இறக்கிவிட்டு, அடிபட்டவரை உள்ளே அமைதியாகச் சோதிக்கலாம். வீரர்களின் தொழிற்சங்கங்கள் இதையே கேட்டன, விதி வகுக்கும் சபை 2023இல் மறுத்தது. கோபப்படுவதானால் இதற்குக் கோபப்படுங்கள்.

சிறுவர் விடயம் அடுத்தது. இங்கிலாந்தின் முன்னாள் முன்கள வீரர் ஜெஃப் ஆஸ்டில் 2002இல் 59 வயதில் இறந்தார். பந்தைத் திரும்பத் திரும்பத் தலையால் முட்டியதால் வந்த தொழில்சார் நோய் என்று மரண விசாரணை முடிவு சொன்னது. கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 2019இல் ஸ்கொட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர்களைச் சாதாரண மக்களோடு ஒப்பிட்டார்கள். நரம்புச் சிதைவு நோயால் இறப்பது வீரர்களிடம் மூன்றரை மடங்கு. நேர்மையாக மற்றப் பக்கத்தையும் சொல்ல வேண்டும்: இருதய நோயால் அவர்கள் இறப்பது குறைவு. ஓடுவது நல்லது, முட்டுவதில்தான் சந்தேகம். கோல்காப்பாளர்களிடம் அந்த நரம்பு நோய் கூடவில்லை, பின்கள வீரர்களிடம் மிக அதிகம். இங்கிலாந்தில் 2021 முதல் தொழில்முறை வீரருக்கே வாரப் பயிற்சியில் பலமான முட்டு பத்துக்கு மேல் வேண்டாம் என்று வழிகாட்டல் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எதற்கு?

இங்கே நம் மலைக்கே உரிய ஒரு விடயம். விதிப்புத்தகம் பந்தின் காற்றழுத்தத்தைக் கடல்மட்டத்துக்குத்தான் சொல்கிறது: 0.6 முதல் 1.1 வளிமண்டலம், அதாவது 8.5 முதல் 15.6 பி.எஸ்.ஐ. கொழும்பில் 13 வைத்து அடித்த பந்தை நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தால், வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும், பந்து இறுகும். குளிர் கொஞ்சம் இறக்கினாலும் ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவு கூடியே நிற்கும். பந்தை மைதானத்தில் வைத்து அளவுமானியால் பாருங்கள், பெருவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பன்னிரண்டு வயதுக்குள் என்றால் நாலாம் இலக்கப் பந்து, 9 பி.எஸ்.ஐ. போதும். மேலுறை வெடித்த பந்து மழையில் ஊறினால் 450 கிராம் எல்லையைத் தாண்டும். அதைப் பயிற்சிக்கும் வைக்காதீர்கள்.

இனி எனக்கு நெடுநாளாக மனம் எரிகிற இடம், நம் தோட்டங்களில் நடக்கும் எழுவர் போட்டிகள். கிண்ணத்துக்குக் காசு இருக்கிறது, ஒலிபெருக்கிக்கு இருக்கிறது, பிரதம அதிதிக்கு மாலை வாங்க இருக்கிறது. முதலுதவிப் பெட்டிக்கும் கோல் கம்பத்தைக் கட்டும் மண்மூட்டைக்கும் மட்டும் இருப்பதில்லை. தூக்கிவைக்கும் இரும்புக் கம்பத்தின் பின்சட்டத்தில் பாரம் இல்லையென்றால், குறுக்குக் கம்பத்தில் ஒரு பிள்ளை தொங்கியதுமே அது முன்னால் சாயும்; உலகில் பிள்ளைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிய ஆபத்து, ஒரே நாளில் ஓர் அணி நாலைந்து போட்டி ஆடுவது. காலையில் தலையில் அடிபட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பப்பட்ட பையன் பின்னேரம் அரையிறுதியில் நிற்கிறான். முதல் அடி ஆறுமுன் இரண்டாவது அடி விழுந்தால், அதுவும் இளவயதில், மூளை வீங்கி உயிரே போகலாம்.

தொழில்முறை வீரர் ஓய்வெடுத்தால் சம்பளம் வரும். நம் பையன் மறுநாள் மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் இல்லை, அன்றைய கூலி இல்லை. ஆகவே தலைசுற்றலோடு கவ்வாத்துக் கத்தியையும் பிடித்துக்கொண்டு சரிவில் நிற்கிறான். கழகங்கள் வசூலிக்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த நாட்கூலிக்கென்று ஒதுக்கலாம், கிண்ணத்தை ஓர் அளவு சின்னதாக வாங்கினால் போதும்.

மோதல் நடந்தால் ஆளை உடனே எழுப்பாதீர்கள். கழுத்து வலி, கைகால் விறைப்பு இருந்தால் அசைக்கவே வேண்டாம். தெளிவாக இருந்தால் கேளுங்கள்: இது எந்த மைதானம், எந்தப் பாதி ஆட்டம், கடைசி கோல் யார் அடித்தது, போன போட்டியில் யாரோடு ஆடினோம், வென்றோமா? ஒன்று பிழைத்தாலும் வெளியே. எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டு முழி மாறியிருந்தாலும் வெளியே. திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, இரட்டைப் பார்வை, மயக்கம் இருந்தால் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள். தோட்டப் பாதையில் வண்டி ஏறி வர நேரமெடுக்கும், ஆகவே காத்துப் பார்க்க வேண்டாம். அன்றிரவு சாராயம் கூடாது, மோட்டார் சைக்கிள் கூடாது, தனியே விடக்கூடாது. பிரித்தானியாவில் தொழில்முறை அல்லாத விளையாட்டுக்கு 2023இல் வந்த வழிகாட்டலின்படி 21 நாளுக்கு முன் போட்டிக்குத் திரும்ப முடியாது. அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம், செலவு ஒரு சதமும் இல்லை.

உங்கள் கழகம் அடுத்த போட்டிக்கு அறிவித்தல் அச்சிடும்போது இரண்டு வரி சேருங்கள்: தலையில் அடிபட்டவர் அன்று முழுக்க ஆட முடியாது, அவருக்குப் பதில் இறங்குபவர் மாற்று வீரர் கணக்கில் சேரமாட்டார். முடிவு சொல்பவர் இரண்டு அணியையும் சேராதவராக இருக்கட்டும், டிஸ்பென்சரி ஐயாவோ பாடசாலை ஆசிரியரோ. அவர் பெயரையும் அறிவித்தலிலேயே போடுங்கள்.