நாக்கு போதுமா?

கேள்வி: ஒயினை ருசி பார்க்கக் கற்றுத்தர ஐரோப்பாவில் வகுப்புகளே நடக்கின்றனவாமே! குடிக்கவும் ஒரு படிப்பா? கடவுள் கொடுத்த நாக்கு போதாதா?
– வாசகர், திருச்சி

பதில்: போதாது. நாக்கை நாம் அளவுக்கு மீறி நம்புகிறோம். சர்க்கரையில் ஏலக்காய்ப் பொடியைக் கலந்து, மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டுப் பாருங்கள். இனிப்பு மட்டும்தான் தெரியும். விரலை எடுத்ததும் ஏலக்காய் வந்து நிற்கும். இனிப்பு, புளிப்பு என்று நாலைந்தோடு நாக்கின் வேலை முடிந்துவிடுகிறது. மற்றதெல்லாம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனை. சளி பிடித்த அன்று ரசம் வெந்நீராகிப் போவது இதனால்தான்.

அந்த மூக்கையும் கண் ஏமாற்றிவிடும். பிரான்ஸின் போர்தோவில் ஒயின் இயல் படித்த 54 மாணவர்களுக்கு, வெள்ளை ஒயினில் மணமில்லாத சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குச் சொல்கிற மணங்களையே அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஆய்வு 2001-இல் வெளியானது. இதைக் காட்டி ஒயின் ரசனையே பித்தலாட்டம் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. படித்தவர்களே தவறுகிறார்கள் என்றால் பயிற்சி இன்னும் கூடுதலாக வேண்டும், அதுவும் புட்டியை மறைத்துவைத்து. 1976-இல் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் பாரிஸில் அப்படித்தான் மறைத்துவைத்தார். பிரெஞ்சு நடுவர்கள் தங்கள் நாட்டு ஒயின்களைத் தாண்டி கலிபோர்னியாவுக்கு முதலிடம் கொடுத்தார்கள்.

இன்னொன்று, ருசி பார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் குடிப்பதில்லை, துப்பிவிடுகிறார்கள். நம் குன்னூரில் தேயிலைக்கு ருசி பார்ப்பவர்கள் உறிஞ்சித் துப்புவதைப் போலத்தான்.

சரி, நாக்கு என்றதும் எனக்கு ஒரு பழைய சண்டை நினைவுக்கு வருகிறது. பல வருடங்களுக்கு முன் எங்களுக்கு வந்த ஒரு மொழிபெயர்ப்பில் ‘கசப்பான சிவப்பு ஒயின்’ என்றிருந்தது. ‘துவர்ப்பான’ என்று திருத்தினேன். துவர்ப்பு யாருக்குப் புரியும் என்று கேட்டார் மொழிபெயர்த்தவர். அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பாகற்காய் கசக்கும். பாக்கு துவர்க்கும். வாழைப்பூவும் நாவற்பழமும் துவர்க்கும். இரண்டும் ஒன்றா? சிவப்பு ஒயினைத் திராட்சைத் தோலோடும் விதையோடும் சேர்த்துப் புளிக்கவைக்கிறார்கள். அவற்றிலிருந்து இறங்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்ள, வாய் உலர்ந்து இழுக்கிறது. ஒயின் கற்பவர்கள் முதலில் பழகும் பாடங்களில் இதுவும் ஒன்று. நாமோ அறுசுவையில் ஒன்றாகவே வைத்திருக்கிறோம். அப்படிப்பட்ட சொல்லைப் புரியாது என்று ஒதுக்கினால், பிறகு நம் பிள்ளைகளுக்குக் கசப்பு ஒன்றுதான் மிஞ்சும். நாவற்பழம் தின்ற குழந்தையிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சொல் தெரியாமல் முகத்தைச் சுளித்துக் காட்டும்.

யவனர் கொண்டுவந்த மதுவை அருந்தி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை நக்கீரர் புறநானூற்றில் வாழ்த்திப் பாடியிருக்கிறார். ‘யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்’ என்பது அவர் வரி. மன்னன் மகிழ்வதெல்லாம் அடுத்த வரிகளில்தான். குளிர்ச்சியையும் மணத்தையும் முதலிலேயே சொல்லிவிட்டார்.